மாமாவின் கூடையில் குட்டி நண்டுகள்

மார்ச் 4

ஒன்பது நண்டு பிடித்தேன். ஏழு என் உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டன. ஓட்டின் குறுக்கே ஐந்து அங்குலம் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். ஏழையும் கண்டல் மரங்களின் வேர்களுக்குள் விட்டேன். மாமன் மகள் லவேனியா பக்கத்துச் சேற்றிலிருந்து கத்தினாள்: "மச்சினி, கல்யாண மாப்பிள்ளைங்களையும் இப்படித்தான் சின்னவன், சின்னவன்னு விட்டுட்டு இருக்கியா?"

இவளுக்கு வாய் மட்டும் முழு அளவு வளர்ந்திருக்கிறது.

மார்ச் 9

சர்ச்சுக்குப் பிறகு ஊர்க்கூட்டம். ஆண்கள் கவா வேர்ச்சாறு குடித்தபடி நடுவில், பெண்கள் கதவோரம். நான் எழுந்துவிட்டேன். குட்டி நண்டு இன்னும் ஒரு தடவை சட்டை உரித்தால் எடை கிட்டத்தட்ட இரட்டிப்பாகும், அதுவரை யாரும் பிடிக்க வேண்டாம் என்றேன்.

லவேனியாவின் அப்பா மனோவா மாமாதான் ஊர்த்தலைவர். கிண்ணத்தைக் கீழே வைக்கக்கூட இல்லை. "குட்டியையும் சுவா வேன்காரன் வாங்குறான். உனக்கென்ன? நீ உங்கப்பா ஊர்க்காரி. பேசணும்னா அங்க போய்ப் பேசு."

சட்டம் தலைநகர் சுவாவில் இருக்கிறது, வலை மாமாவிடம் இருக்கிறது. இங்கே நண்டு தீர்ந்தால் அவர் படகை எடுத்து வேறு ஓடைக்குப் போவார். பெண்கள் எங்கே போவோம்? கால் எட்டும் தூரம்தானே எங்கள் கடல்!

மார்ச் 10

ஆத்திரம் ஆறவில்லை.

மார்ச் 15

செய்துவிட்டேன்!

துறையில் மாமாவின் மூன்று கூடைகள், வேனுக்காகக் காத்திருந்தன. எல்லாம் குட்டிகள். உட்கார்ந்து, கொடுக்குகளைக் கட்டியிருந்த நாரை ஒவ்வொன்றாக அறுத்து, தண்ணீரில் போட ஆரம்பித்தேன்.

"ஏய்! அது வேனுக்குடி!"

"நான் எடுத்துக்கிட்டேன் மாமா."

எங்கள் ஊர் வழக்கம் அது. தாய்மாமன் பொருளில் மருமகள் கை வைத்தால் மாமன் மறுக்கக் கூடாது. பாய், பன்றிக்குட்டி எல்லாம் எடுக்கலாம், நண்டு மட்டும் கூடாதா? அப்பா ஊர்க்காரி என்பதால்தானே எனக்கு இது அம்மா ஊர், இவர் எனக்கு மாமன்! கூட்டத்தில் பேசத்தான் உரிமையில்லை. எடுக்க இருக்கிறது.

வேன்காரர் கேட்டார்: "என்ன தலைவரே, என் சரக்கு?"

"மருமக எடுத்துட்டா. நான் என்ன செய்ய?" மாமா பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்தார். சிரித்துத்தான் ஆக வேண்டும்.

லவேனியா பக்கத்தில் உட்கார்ந்து கத்தியைக் கேட்டாள். "மகளுக்கு எடுக்கற உரிமை கிடையாது. நார் அறுக்கலாம்ல?"

மார்ச் 22

இன்று இரண்டு கூடை. அம்மா என்னோடு பேசுவதில்லை. ஆனால் கத்தியை நன்றாகத் தீட்டி வைத்திருந்தாள்.

ஏப்ரல் 5

மாமா கூடைகளை வாழையிலை போட்டு மூடி, வேறு துறையில் இறக்கினார். நடந்து போய் அங்கேயும் எடுத்தேன். லவேனியாதான் வழி காட்டினாள். வேன்காரர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போகும்போது மாமாவைத் திட்டியது ஊருக்கே கேட்டது.

ஜூலை 19

"அந்தப் பொண்ணு வர்றதுக்குள்ள நாமளே விட்டுருவோம்" என்று மாமா படகிலேயே குட்டிகளைப் பொறுக்கி எறிகிறாராம். லவேனியா வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

துறைக்குப் போனேன். அடிமட்டத்தை வைத்து ஒவ்வொன்றாக அளந்தேன். ஒன்றுகூட ஐந்து அங்குலத்துக்குக் குறையவில்லை.

"திருப்தியா? இன்னிக்கு எடுக்க ஒண்ணுமில்ல, போ" என்றார் மாமா.

ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து என் கூடையில் போட்டேன்.

"ஏய், அதுதான்டி இருக்கறதிலேயே பெருசு!"

"தெரியும் மாமா."