ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த எழுத்து

அன்பு மகள் ஸோல்வேக்கு அம்மா எழுதுவது.

கர்த்தர் கிருபையால் இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் பனியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நார்வேயில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, கம்பளி சாக்ஸ் போட்டுக்கொண்டு சுகமாய் இருப்பாய் என்று நம்புகிறேன். மற்றதெல்லாம் அப்புறம், முதலில் இதைக் கேள். நீ கிளம்பி வர வேண்டாம். புது வேலையில் சேர்ந்து சூடு ஆறுவதற்குள் அதை விட்டுவிட்டு சனிக்கிழமைக்கு டிக்கெட் போட்டிருக்கிறாயாமே, அதை ரத்து செய். கோளாறு உன் புரோகிராமில் இல்லை, கண்டுபிடித்துவிட்டேன். போனில் சொன்னால் அப்பா பிடுங்கிப் பேசி நீங்கள் மறுபடி முட்டிக்கொள்வீர்கள், அதனால்தான் உட்கார்ந்து எழுதி மெயிலில் அனுப்புகிறேன்.

லாயிட் ஹௌகனின் வான்கோழிக் கொட்டகைக்கு நம் கடையிலிருந்து மின்விசிறிக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் போக வேண்டியிருந்தது உனக்குத் தெரியும். குளிர் தாங்குமா என்று சோதிக்க வழக்கம்போல கராஜ் ஃப்ரீஸரில் மான்கறி சாசேஜை ஓரம் தள்ளிவிட்டுப் பெட்டிகளை வைத்து நன்றாக உறையவிட்டோம். எடுத்து மின்சாரம் கொடுத்தால், அடங்கிக் கிடக்க வேண்டிய விசிறி முழு வேகத்தில் சுற்றுகிறது. மினசோட்டா ஜனவரியில் கொட்டகைக்குள் அப்படிச் சுற்றினால் பொரித்து ஒரு நாளான குஞ்சுகளின் கதி என்ன, லாயிட்டின் கதி என்ன. உன் அப்பா என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் உனக்குப் போன் போட்டு, "நீ எழுதுன புரோகிராம்தான் குளிர் பட்டா பைத்தியம் பிடிச்சு ஆடுது"ன்னு பழியைத் தூக்கிப் போட்டார், நீயும் உன் பங்குக்கு "அப்ப நானே வந்து சரி பண்றேன், போதுமா"ன்னு வைத்துவிட்டாய். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு நான் அவனில் வேகவைத்த ஹாட்டிஷ்ஷை அவர் தொடவே இல்லை.

எனக்குத்தான் சுருக்கென்றது, ஏனென்றால் உன் புரோகிராமை ஏற்றுகிற சிப்பை வாங்குவது நான். பழைய சிப்பின் நம்பரையும் இந்த முறை வந்ததன் நம்பரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், எந்தக் குடும்பம், எவ்வளவு நினைவகம், எத்தனை கம்பிக் கால், குளிர் தாங்கும் ரகமா என்று ஒவ்வொரு எழுத்தும் அச்சாகப் பொருந்துகிறது. அப்புறம்தான் உன் வட்ட ஸ்டிக்கர் கண்ணில் பட்டது. எந்தப் புரோகிராம், யார் எழுதியது என்று தெரிய சிப்பின் முதுகில் ஒட்டச் சொல்லி நீ பழக்கிவிட்டுப் போனாயே, அப்பா சிப் வந்த தட்டைத் திறந்ததுமே தபால்தலை மாதிரி ஒட்டித் தள்ளிவிடுகிறார். ஒன்றை உரித்தேன். நம்பருக்குக் கீழே பொடியாக இன்னொரு வரி, பழைய சிப்பில் B, இதில் C. கம்பெனிக்காரன் உள்ளே வேலையை மாற்றிவிட்டு வெளியே அதே பெயரில் விற்கிறான், எந்தத் திருத்தம் என்பது நாம் ஆர்டர் கொடுக்கிற நம்பரில் வராது. தங்கள் குறைகளைத் தாங்களே அச்சடித்துப் போடுகிறார்களே, அந்தத் தாளை இறக்கிப் படித்தேன். கடுங்குளிரில் C விழிக்கும்போது அதன் கடிகாரம் நிதானத்துக்கு வரக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்குமாம். உன் புரோகிராம் விழித்ததுமே வெப்பம் எவ்வளவு என்று கேட்கிறது. காபி குடிக்காத உன் அப்பாவிடம் கேள்வி கேட்டால் எப்படி வாய்க்கு வந்தது வருமோ அப்படித்தான் இதற்கும் வருகிறது.

அப்பாவிடம் காட்டினேன். லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "நம்பர் ஒண்ணா இருந்தா ஆளும் ஒண்ணுதான்னு நெனச்சேன்"னார். "உங்க அண்ணனுக்கும் உங்க குடும்பப் பேர்தான், கடைச் சாவியை அவர் கையில குடுப்பீங்களா"ன்னு கேட்டேன். விழித்ததும் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லும் வரியைப் புரோகிராமில் நானே சேர்த்தேன், நீ எழுதிவைத்த குறிப்பு அவ்வளவு தெளிவு. B, C இரண்டையும் ஃப்ரீஸரில் போட்டு எடுத்தேன், இரண்டும் ஒழுங்காக விழிக்கின்றன. நேற்று குஞ்சுகள் வந்து இறங்கின. இன்று காலை லாயிட் போனில் என்னிடம் பேசினார், "குஞ்செல்லாம் கதகதப்பா தூங்குது மார்டெல், நான்தான் தூங்கல"ன்னார்.

இப்போது சிப்பின் முதுகைப் பார்த்த பிறகே ஸ்டிக்கர் ஒட்டுகிறோம். புது ஸ்டிக்கரில் அப்பாவே உன் பெயரின் முதல் எழுத்தை மேலேயும் என்னுடையதைக் கீழேயும் எழுதினார். எழுதிவிட்டுப் பேனாவை மூடாமல் வைத்துக்கொண்டு, "இனி ஒண்ணு கெட்டாலும் அவ வர வேண்டியதில்ல இல்ல"ன்னார். உன்மேல் கோபத்தில் அவர் போன் போடவில்லை ஸோல்வே, உன்னை வரவழைக்க அவருக்கு வேறு சாக்கு தெரியவில்லை, அது உனக்குத் தெரிய வேண்டும்.

கர்த்தர் உன்னைக் காத்து, வேலையில் உன்னை உயர்த்துவாராக. டிக்கெட்டை மறக்காதே, ரத்து செய்யச் சொன்னேனே, ரத்து செய்ய வேண்டாம். ஜூனுக்கு மாற்றிக்கொள். எதுவும் பழுதாகாமல் இருக்கும்போது ஒருமுறை வா.

இப்படிக்கு,
உன் அம்மா
மார்டெல்