இரண்டு கதவுகளுக்கு நடுவே

மார்ச் 4

அன்புள்ள என்னவருக்கு,

நலம். நீங்களும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடியும், பார்க்கவா முடிகிறது?

கொசுக்களும் சௌக்கியம். இந்த ஆய்வகத்தில் நாங்கள் மரபணு மாற்றி வளர்ப்பவற்றுக்குப் பிறக்கும் பெண் கொசுக்கள் வளராமலே செத்துவிடுகின்றன. கடித்து மலேரியாவைப் பரப்புபவை அவைதானே. மழைக்கு முன் இவற்றைத் திறந்தவெளியில் விட உங்கள் ஆணையம் அனுமதி தந்தால், ஆற்றோரத்துப் பிள்ளைகள் இந்த வருடமாவது காய்ச்சலில் கிடக்க மாட்டார்கள்.

நீங்கள் எழுதிய ஏழாம் விதியை அட்சரம் பிசகாமல் கடைப்பிடிக்கிறோம். கூண்டு அறைக்குள் இருவராகத்தான் போகிறோம். வரும்போது இரண்டு கதவுகளுக்கு நடுவே நின்று, கொசு ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று ஒருவர் முதுகையும் கழுத்தையும் மற்றவர் பார்க்கிறோம். எனக்கு ஜோடி, நாங்கள் நெட்டையர் என்று கூப்பிடும் புது ஆராய்ச்சியாளர். கூரை தாழ்ந்த அந்த இடத்தில் குனிந்துதான் நிற்க வேண்டும், பாவம். எந்நேரமும் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கிறார்.

உங்கள் வாயாடி

மார்ச் 9

அன்புள்ள வாயாடிக்கு,

கொசுக்கள் சௌக்கியம் என்றறிந்து மகிழ்ச்சி. நெட்டையரையும் விசாரித்ததாகச் சொல்.

அந்த இடைவெளியின் அளவை எழுதியதே நான்தான்: மூன்றடிக்கு மூன்றடி. எழுதும்போது கொசுவை மட்டும்தான் நினைத்தேன், அதில் நிற்கப்போகும் ஆட்களை நினைக்கவில்லை. இப்போது ஆபீசில் எந்தக் கோப்பைத் திறந்தாலும் நெட்டையர் குனிந்து நிற்கிறார். உன் கழுத்தில் அப்படி என்ன அவ்வளவு நேரம் தேடுகிறார்? என் காலரில் அழுக்கு என்றால், "நீங்களே பாத்துக்குங்க" என்பவள் நீ. அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? சும்மா கேட்டேன்.

உன் வீட்டுக்காரன்

மார்ச் 15

அன்புள்ள என்னவருக்கு,

"சும்மா கேட்டேன்" என்று எழுதிய இடத்தில் பேனா தாளையே கிழித்திருக்கிறது. கல்யாணம் ஆகவில்லை. போதுமா?

நேற்று என் முதுகிலிருந்து ஒரு கொசுவைப் பிடித்தார். அவர் இல்லாவிட்டால் அது என்னோடு வெளியே வந்திருக்கும். அனுமதிக்கு முன் ஒன்றே ஒன்று தப்பினாலும் எங்கள் உழைப்பெல்லாம் வீண் என்பது உங்களுக்குத் தெரியாததா? வயிற்றெரிச்சலுக்குத் தண்ணீர் குடியுங்கள்.

உங்கள் வாயாடி

மார்ச் 28

அன்புள்ள வாயாடிக்கு,

ஏழாம் விதியைத் திருத்திவிட்டேன். ஆணையமும் ஒப்புக்கொண்டது. இனி ஒருவர் மட்டும் உள்ளே போனால் போதும். கதவுகளுக்கு நடுவே ஒரு நிலைக்கண்ணாடி மாட்டிக்கொள்ளுங்கள். ஆட்கள் குறைந்தால் கொசு ஒட்டும் வாய்ப்பும் குறையும் என்று காரணம் எழுதியிருக்கிறேன். எல்லாம் உங்கள் நன்மைக்குத்தான். இன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவேன்.

உன் வீட்டுக்காரன்

ஏப்ரல் 12

என்னங்க,

நிலைக்கண்ணாடியில் பின்னங்கழுத்து தெரியாது என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லையா?

போன வாரம் கூண்டு அறைக்குத் தனியாகப் போய்வந்தேன். அப்புறம் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்தபோது, "அசையாதீங்க மேடம், கழுத்துல ஒண்ணு" என்றார் நெட்டையர். கண்ணாடிக் குழாயைக் கவிழ்த்துப் பிடித்தார். விரல்கூடப் படவில்லை. உங்களுக்கு அதுதானே முதலில் தெரிய வேண்டும்.

மறைத்திருக்கலாம். மனசு கேட்கவில்லை, ஆணையத்துக்கு நானே எழுதிவிட்டேன். அனுமதி நின்றுவிட்டது. இந்த மழைக்கும் பிள்ளைகள் காய்ச்சலில் கிடப்பார்கள்.

விதியை ஏன் மாற்றினீர்கள் என்று உங்களைக் கேட்பார்கள். அங்கேயும் 'ஆட்கள் குறைந்தால்' கதையைச் சொன்னால், அதற்குப் பிறகு என் முகத்தில் விழிக்காதீர்கள்.

உங்கள் மனைவி

ஏப்ரல் 20

என் வாயாடிக்கு,

கேட்டார்கள். "பொறாமை" என்றேன். ஆணையத் தலைவியம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "யார் மேல?" என்றார். "உள்ள என் பெண்டாட்டியோட நிக்கிறவர் மேல" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

விதி பழையபடி இருவர் என்று ஆகிவிட்டது. மழைக்காலம் முடிந்ததும் உங்கள் விண்ணப்பத்தை மறுபடி எடுப்பார்கள். விதி எழுதும் வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. குழாயோடு அவர் உன் பின்னால் நின்றார் என்று படித்ததுமே எனக்கு வயிறு எரிந்தது. பிள்ளைகளின் காய்ச்சலைப் பற்றிய வரிக்கு அதன் பிறகுதான் வந்தேன். அப்படிப்பட்டவன்தான் நான். எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

சனிக்கிழமை வருகிறேன். வாசலிலேயே நிறுத்தி, முதுகிலும் கழுத்திலும் என்னென்ன ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்று பார். பார்த்துவிட்டு உள்ளே விடு. விடாவிட்டாலும் சரி, திரும்பிவர பஸ் சாயங்காலம்தான். அதுவரை வாசலில் நிற்கிறேன்.

உன் வீட்டுக்காரன்