வயர்மேன் வீட்டில் ஷாக்

ஜனவரி 6

பசுவந்தனையில் கிணற்று மோட்டார் வேலை. கையில் சுரீர் என்று இழுத்தது. தோட்டக்காரர் கருத்தையா அண்ணாச்சி, "ஏலே, ஷாக்கா?" என்று பதறினார். வயர்மேனுக்கு இதெல்லாம் கொசுக்கடி என்று சிரித்தேன்.

வீட்டில் சிரிப்பு வரவில்லை. மனைவி பிரேமலதா இன்றும் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள். பாப்பா பிறந்ததிலிருந்து இப்படித்தான். நேற்றிலிருந்து தண்ணீர்கூட இறங்கவில்லை.

ஜனவரி 9

பாப்பாவைக் கோவில்பட்டியில் அம்மாவிடம் விட்டுவிட்டு, இவளைத் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் சேர்த்தேன்.

பிரசவத்தில் ரத்தம் நிறையப் போனபோது "ஷாக்கில் இருக்காங்க" என்றார்கள். பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். உயிரே ஊசலாடியது பிறகுதான் தெரிந்தது. காலையில் டீக்கடையில் ஒருவன் வெங்காய விலை கேட்டு "ஷாக்காயிட்டேன்" என்கிறான். இப்போது மனநல டாக்டரம்மா "ஷாக் ட்ரீட்மெண்ட் குடுக்கலாம்" என்கிறார். தலையில் கரண்டு!

"எத்தனை வோல்ட்டு டாக்டர்?"

"மயக்கம் குடுத்துத்தான் செய்வோம். சில விநாடிதான். சாப்பிடாம இருக்காங்க, மாத்திரை கேக்குற வரைக்கும் தாங்க மாட்டாங்க."

ஞாபகம் கொஞ்சம் மங்கலாமாம். கையெழுத்து நான் போட வேண்டும்.

ஜனவரி 10

போடவில்லை. அவள் அண்ணன் பாண்டிராஜ் போனில் கத்தினார்: "மாப்ள, என் தங்கச்சி என்ன மோட்டாரா, கரண்டு குடுத்து ஓட வைக்க? கூட்டிட்டு வாரும்!"

எனக்கும் அதே பயம்தான். கரண்டைப் பற்றித் தெரியாதவன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருப்பேன். அது ஆளைத் தூக்கி எறிவதைப் பார்த்தவன் நான். என்னலே செய்யப்போற? போடாம விட்டு இவ செத்துப் போனா?

ஜனவரி 11

நர்ஸ் ஸ்பூனில் விட்ட பால் கடைவாயில் வழிந்தது. துடைத்துவிட்டுப் போய்க் கையெழுத்துப் போட்டேன்.

ஜனவரி 13

முதல் தடவை முடிந்தது. அவள் தூங்கினாள். வேறொன்றும் இல்லை. நாளைக்குப் பொங்கலாம், வார்டில் யாரோ கரும்பு கொடுத்தார்கள்.

ஜனவரி 22

இட்லியைத் தானே பிய்த்துத் தின்றாள்! பாண்டிராஜுக்குச் சொன்னேன். உடனே போனை வைத்துவிட்டார். அழுதிருப்பார்.

பிப்ரவரி 4

வீட்டுக்கு வந்துவிட்டோம். பாப்பாவைத் தானே தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "இவ பேரு என்னங்க?" என்று கேட்டாள்.

டாக்டரம்மா சொன்ன ஞாபக மங்கல் இதுதான் போல. பேர் வைத்த அன்று அவள் மடியில்தான் பிள்ளையைக் கிடத்தியிருந்தோம்.

"வெயிலுகந்தம்மாள்."

"யாரு வச்சா?"

"அம்மாதான். குலசாமி பேரு."

"என்னையக் கேட்டீயளா? பள்ளிக்கூடத்துல பிள்ளைய எப்படிக் கூப்பிடுவாவ? மாத்துங்க."

மாற்ற வேண்டுமாம். நாளை இருவரும் உட்கார்ந்து பேர் யோசிக்கப் போகிறோம். அம்மா கத்துவாள். கத்தட்டும்.