மன்னன் மண்வெட்டி எடுத்த நாள்

பெப்ரவரி 1, புனித பிரிஜித் திருநாள்
இன்னும் பனி விடவில்லை. நான்கு பசுக்கள் கன்று போட்டுவிட்டன. மதியம், நான் தலைவியாக இருக்கும் இந்தக் கன்னியர் மடத்து வாசலில் ஒற்றைக் குதிரை நின்றது. வந்தவன் என் தம்பி கோனாங். இருபத்தொரு வருடம் அரசனாக இருந்தவன், துணைக்கு ஓர் ஆள்கூட இல்லாமல் வந்திருக்கிறான். மகனிடம் ஆட்சியைக் கொடுத்துவிட்டானாம்.

“அக்கா, நான் இங்கயே இருந்துக்கட்டுமா?”

எங்கள் வழக்கப்படி, ஏழு வயதில் அவனை வேறொரு குடும்பத்தில் வளர அனுப்பினார்கள். அதற்குப் பிறகு என்னிடம் அவன் எதுவுமே கேட்டதில்லை. உள்ளே வா என்றேன்.

பெப்ரவரி 2
எர்னட்டை மறந்துவிட்டா அவனை உள்ளே விட்டேன்? இல்லை. மறந்ததுபோல் இருந்துவிட்டேன்.

எங்கள் பால்கூடத்தைப் பார்த்துக்கொள்பவள் எர்னட். அவள் கணவன் முர்கால் எங்கள் பெரியப்பா மகன். பட்டத்துக்காக ஆற்றுத்துறையில் வைத்து முர்காலைக் கொன்றது கோனாங். அந்த வாரமே இவள் இங்கே வந்து சேர்ந்தாள்.

காலையில் நானே போய்ச் சொன்னேன். வெண்ணெய் கடைவதை நிறுத்தாமல் கேட்டாள். “உங்க தம்பி, உங்க மடம். எனக்கென்னம்மா?” என்றாள்.

நான் என்ன செய்திருக்கணும்? அவனை விரட்டியிருக்கணுமா? இவளை வேறெங்காவது அனுப்பணுமா? ரெண்டும் என்னால ஆகாது.

பெப்ரவரி 20
கோனாங் ஓட்ஸ் கஞ்சியை அடிப்பிடிக்க விட்டுவிட்டான். நாற்பது பேருக்கான கஞ்சி. சகோதரிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எர்னட் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு எழுந்து போனாள்.

மார்ச் 9
எர்னட் உள்ளே வந்தால் கோனாங் எழுந்து நிற்கிறான். அவள் பார்ப்பதேயில்லை.

ஏப்ரல் 14
தம்பியின் பழைய படைத்தலைவன் கோல்கு ஆறு பேரோடு வந்திருக்கிறான். வடக்கு நாட்டுக்காரர்கள் மாடுகளை ஓட்டிப்போகிறார்களாம். மகனைக் கண்டு யாரும் பயப்படுவதில்லையாம். பழைய அரசரே திரும்ப வரவேண்டும் என்கிறான்.

அதைக் கேட்டபோது கோனாங்கின் முகத்தைப் பார்த்தேன். இருபது வயது குறைந்திருந்தது. காலையில் பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறான்.

போய்விடுவான்.

ஏப்ரல் 15
நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

விடிந்ததும் கோனாங் பால்கூடத்துக்குப் போனான். இத்தனை நாளில் அந்தப் பக்கமே போகாதவன். நான் கதவருகே நின்றேன்.

“அண்ணி, நான் போகட்டுமா, இருக்கட்டுமா?”

அண்ணி! எந்த வாயால் கூப்பிட்டான்?

எர்னட் கையிலிருந்த பாலை ஊற்றி முடித்தாள். பிறகு, “போயி?” என்றாள்.

“சண்டை போடணும்.”

“யார் புருஷனோட?”

அவள் கையைத் துடைத்துக்கொண்டு, சுவரோரம் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்து அவன் முன்னால் நீட்டினாள். “தொழுவத்துல சாணி குவிஞ்சு கெடக்கு.”

மண்வெட்டி பிடித்ததை நாலு பேர் பார்த்துவிட்டால் அரசன் குடியானவன்தான். அப்புறம் பட்டம் திரும்பாது. எங்கள் சட்டம் அப்படி. அது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

வாங்கிக்கொண்டான். தோளில் போட்டுக்கொண்டு அந்த ஏழு பேர் முன்னாலும் நடந்தான். கோல்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு, “கீழ போட்டுருங்க, நான் பாக்கல” என்று கெஞ்சினான்.

“நல்லாப் பாரு, கோல்கு” என்றான் என் தம்பி.

ஜூன் 24
கோனாங்கின் மகன் வடக்கு நாட்டாருக்கு அறுபது மாடு கொடுத்து சமாதானம் செய்துகொண்டான். ஊர் சிரிக்கிறதாம். சிரிக்கட்டும், யாரும் சாகவில்லை. கோனாங்கிடம் சொன்னேன். சாணி அள்ளுவதை நிறுத்தி, கொஞ்ச நேரம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நவம்பர் 3
கோனாங்குக்கு நெஞ்சுச்சளி, காய்ச்சல். அநேகமாக இந்தக் குளிரைத் தாண்டமாட்டான்.

மதியம் பார்க்கப் போனேன். எனக்கு முன்பே எர்னட் வந்து உட்கார்ந்திருந்தாள், மடியில் சூடான பால் கிண்ணம். அவன் தலையைத் தூக்கி, “அண்ணி, முர்கால் அண்ணன...” என்று ஆரம்பித்தான்.

“வாயத் தொறந்ததுதான் தொறந்தீங்க, பாலக் குடிங்க” என்றாள்.

குடித்தான். தாடியில் வழிந்ததை அவளே மேலங்கி நுனியால் துடைத்தாள்.

பிற்பகல் ஜெபத்துக்கு எல்லோரும் எழுந்து போகவேண்டிய நேரமாகிவிட்டது. மணியடிக்க வந்த சகோதரியைக் கையைக் காட்டி நிறுத்தினேன்.