சோப்புக்குப் போகாத கை

இன்று காலை பழவேற்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே அந்த வாசனை வந்துவிட்டது. உன் அண்ணன் பழைய மரப்படகைக் கவிழ்த்துப் போட்டு, பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசிக்கொண்டிருந்தார். கும்மிடிப்பூண்டியில் உனக்கு அஞ்சலிக் கூட்டம், வாங்க போகலாம் என்றேன்.

"நான் வரல. அந்தாளு மூஞ்சிய பாத்துக்கினு ஒக்கார என்னால முடியாது. நீ போய்ட்டு வா."

கொஞ்சம் குங்கிலியம் கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் பிளாஸ்டிக் கவரில் உருட்டிக் கொடுத்தார்.

அந்தாள் யாரென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், திட்டுவதில் ஒரு சுகம் இருக்கிறது. நம் ஹேண்ட்பால் சங்கத்துச் செயலாளர். ஹேண்ட்பாலில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்று கேட்டால் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார். வெளிநாட்டுப் பெண்கள் அணிகள் சென்னைக்கு ஆட வந்தபோது, தனக்கு பிளேசர் தைத்துக்கொண்டதைத் தவிர மனிதர் வேறு எந்த ஏற்பாடும் செய்யவில்லை. நமக்கு வந்த ஷூ எல்லாம் ஆண்கள் அளவு. துணியைச் சுருட்டி முனையில் அடைத்துக்கொண்டு நாட்டுக்காக ஓடினோம்.

அந்தப் பெண்கள் டப்பா டப்பாவாகப் பிசின் கொண்டுவந்திருந்தார்கள். கையில் தடவினால் பந்து நழுவாது, ஒரே கையால் சுழற்றி வீசலாம். நாமெல்லாம் வாயைப் பிளந்து பார்த்தோம். நீ ஒருத்திதான், "அட, இது எங்க படகுக்கு பூசறதுடீ" என்றாய். மறுநாளே உன் அண்ணன் பொன்னேரியில் ரயிலேறிக் கொண்டுவந்து தந்தார். அடுத்த ஆட்டத்தின் முதல் பாதியில் நீ வீசிய வீச்சுக்கு எதிர் அணிக் கோல்கீப்பரே தலையை ஆட்டினாள். நம் கோலைக் காத்து நின்ற நான் தொண்டை கிழியக் கத்தினேன்.

இடைவேளையில் செயலாளர் வந்து உன் கையைப் பார்த்து முகம் சுளித்தார். "இன்னாம்மா இது, மீன் நாத்தம்? வெளிநாட்டுக்காரங்க முன்னாடி மானத்த வாங்கறியா? போய் சோப்பு போட்டு கழுவு."

குங்கிலியத்தில் மீன் எங்கே வந்தது? நீ குப்பத்துப் பெண் என்பது மட்டும்தான் அந்த மூக்குக்குத் தெரிந்தது.

தேய்த்துத் தேய்த்துக் கழுவினாய். "சோப்புக்குப் போவாது சார். தேங்கா எண்ண தேச்சாதான் போவும்" என்றாய். எதிர்த்துப் பேசுகிறாயாம். பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். தோற்றோம். ஆட்டம் முடிந்ததும் அந்த வெளிநாட்டுப் பெண்கள் பிசுபிசுத்த கையோடு கைகுலுக்கியபோது மட்டும் செயலாளர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அதன் பிறகு உன்னை எந்த அணிக்கும் கூப்பிடவில்லை.

இன்று மேடைக்குப் பின்னால் இருந்த ஃப்ளெக்ஸில் உன் முகத்தைவிட அவர் முகம் பெரிது. கூட்டம் நடத்தியவர் என் காதில், "அக்கா, ரெண்டு வார்த்த பேசுங்க. அந்தப் பழைய பேஜாரெல்லாம் வாணாம், சாரு வருத்தப்படுவாரு" என்றார். பாவம், சாரின் மனசு அவ்வளவு மென்மை.

சார் முதலில் பேசினார். நீ அவர் வீட்டுப் பெண் மாதிரியாம். காயம் பட்டதால்தான் ஆட்டத்தை விட்டாயாம். உனக்கு ஏது காயம்? செத்தவள் எழுந்து மறுக்கமாட்டாள் என்ற தைரியம். குங்கிலியக் கவரைப் பிரித்து உள்ளங்கையில் நன்றாகத் தேய்த்துக்கொண்டு மேடையேறினேன்.

சாரிடம் கையை நீட்டினேன். கேமராவைப் பார்த்துக்கொண்டே இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். நான் கோல்கீப்பர், பிடித்தால் லேசில் விடமாட்டேன். ஒருவழியாக உருவிக்கொண்டு பொன்னாடையில் துடைத்தார். ஜரிகை விரலோடு வந்தது.

"இன்னாம்மா இது? யாராச்சும் சோப்பு கொண்டாங்கப்பா!"

மைக்கில் சொன்னேன்: "சோப்புக்குப் போவாது சார். தேங்கா எண்ண தேச்சாதான் போவும். இத்த சொன்னதுக்குத்தான் அவள பெஞ்சுல ஒக்கார வெச்சீங்க. அவளுக்குக் காயமும் இல்ல, ஒண்ணும் இல்ல."

கடைசி வரிசையில் உங்கள் குப்பத்துப் பெண்கள்தான் முதலில் கைதட்டினார்கள். செயலாளர் இரண்டு கையையும் உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்தபடி படியிறங்கிப் போனார்.

வீட்டுக்கு வந்து தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டேன். காகிதம் ஒட்டுகிறது, பேனாவும் ஒட்டுகிறது. நீ இல்லாதது தாங்க முடியவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் உன் கை என்னிடம் இருக்கட்டும்.