நேரே வீட்டுக்கு

ஞாயிறு இரவு, பட்டர்வொர்த்.

நாத்தனார் வனிதா இன்று என்னை ஜார்ஜ்டவுனுக்குக் கூட்டிப் போனாள். அவர் இறந்ததிலிருந்து நான் வீட்டைவிட்டு அசையவில்லை என்று அவளுக்குக் கவலை. அண்ணனைப் பறிகொடுத்தவள், அவளும் பாவம்.

போனது ஒரு பழைய சீன முதலாளியின் மாளிகைக்கு. இப்போது மியூசியம். பேய் வீடு என்று பெயர் வாங்கியது. மாடியில் அந்த முதலாளியின் கட்டில், அதன் கீழே அவருடைய செருப்பு. பொழுது சாய்ந்தால் அவர் நடக்கிற சத்தம் கேட்குமாம். சுற்றிக்காட்டிய பெண் அதைச் சொன்னதும் வனிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குப் பயமே வரவில்லை. அந்த முதலாளியின் மனைவியை நினைத்துப் பொறாமையாகத்தான் இருந்தது.

திரும்பும்போது காரை ஒரு டீக்கடையில் நிறுத்தினாள். வீட்டுக்குப் போய்க் குடிக்கலாமே என்றேன்.

"இந்த மாதிரி எடத்துக்குப் போயிட்டு நேரா வீட்டுக்குப் போகக்கூடாது லா அண்ணி. எங்கயாச்சும் நின்னுட்டுத்தான் போகணும். இல்லன்னா பின்னாலயே வந்துரும்."

சொல்லிவிட்டுத்தான் என் முகத்தைப் பார்த்தாள். நுரை பொங்க ஆற்றிக் கொண்டுவந்த தே தாரிக் டீயை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அவர் இறந்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்து நான் நேரே வீட்டுக்குத்தான் வந்தேன். வழியில் எங்கேயும் நிற்கவில்லை. வந்த பிறகும் வெகுநேரம் கதவைச் சாத்தவில்லை.

அவருடைய செருப்பு வாசலில் விட்ட இடத்திலேயே கிடக்கிறது.