பக்கத்து அறையின் கதவு

நங்கையா,

நேற்று வாங்கிவந்த குர்தியின் பிளாஸ்டிக் உறையை இன்று காலையில் பிரித்தேன். தண்ணீர் காணாத புதுத்துணி வாசனை. மூக்கில் ஏறியதுமே உறையைத் தள்ளி வைத்துவிட்டேன். இத்தனை வருஷம் கழித்தும் அந்த வாசனைக்கு எனக்கு முதலில் வருவது சந்தோஷம் இல்லை. நேற்று வரை, ஏன் என்று தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். நீங்களும் போன தை மாதம் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

என் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் நாம் இருவரும் எடப்பாடியிலிருந்து சேலத்துக்குத் துணி எடுக்கப் போனோம். அண்ணனைக் கட்டிக்கொண்டு நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை. பெரிய கடை. உடை மாற்றிப் பார்க்கும் அறைகள் மாடியில் வரிசையாக இருந்தன. நடுவில் வெறும் பலகைத் தடுப்பு. அது கூரை வரை எட்டவில்லை. சுடிதாரைத் தலைவழியாகப் போட்டு நிமிர்ந்தபோது கண்ணாடியில் பார்த்தேன். எனக்குப் பின்னால், தடுப்புக்கு மேலே, ஒரு கை. அந்தக் கையில் ஒரு செல்போன்.

தாழ்ப்பாளைத் தடவித் தடவித் திறந்தேன். வெளியே நின்ற உங்கள் கையைப் பிடித்து, "அங்க ஒருத்தன்..." என்றேன். நீங்கள் நேராகப் போய்ப் பக்கத்து அறைக் கதவின்மேல் முதுகை அழுத்தி நின்றுகொண்டீர்கள். உள்ளிருந்து அவன் தள்ளினான். ஒவ்வொரு தள்ளலுக்கும் உங்கள் உடம்பு முன்னால் போய்ப் பின்னால் வந்தது. நீங்கள் விழுந்துவிட்டால் அவன் வெளியே வந்துவிடுவான் என்று நான் சுவரோரம் ஒட்டி நின்றேன்.

மேலாளர் ஓடிவந்தார். "விட்டுருங்கம்மா. பொண்ணு பேரு கெட்டுப்போயிருமுங்க. நாங்க பாத்துக்கறோம்."

"பேரு கெடறதுன்னா உள்ள நிக்கறவனுக்குத்தானுங்க கெடோணும். எங்க புள்ளைக்கு எதுக்குங்க கெடுது? போலீசக் கூப்புடுங்க, அப்பறம் நகுறேன்."

போலீஸ்காரர்கள் வந்து அவனைக் கூட்டிப் போனார்கள், செல்போனையும் வாங்கிக்கொண்டார்கள். ஆனாலும், அதற்குள் படம் வேறு யாருக்காவது போயிருக்குமோ? திரும்பும் பஸ்ஸில் யாராவது ஒருமுறை என் பக்கம் பார்த்தால்கூட, இவன் பார்த்திருப்பானோ என்று தோன்றியது. தலையைக் குனிந்தபடியே இருந்த என்னிடம் நீங்கள் மெதுவாகச் சொன்னீர்கள்: "பயமா இருந்தாப் பயந்துக்கோ அம்மிணி. வெக்கம் மட்டும் படாத. அது உன்னுது இல்ல."

அதன்பிறகு நான் எந்தக் கடையிலும் உடை மாற்றிப் பார்த்ததில்லை. திருச்செங்கோட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகும் நீங்கள்தான் என் அளவைக் கணக்குப் பண்ணி எடுத்துவருவீர்கள். பத்தவில்லை என்றால் மறு பஸ் பிடித்துப் போய் மாற்றிவருவீர்கள். ஒருநாள்கூடச் சலித்துக்கொண்டதில்லை. நீங்கள் போன பிறகு நான் துணியே எடுக்கவில்லை.

நேற்று நந்தினிதான் இழுத்துப் போனாள். என் மகளுக்குப் பதினைந்து முடிந்துவிட்டது. ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் புதிதாகத் திறந்திருக்கும், பெண்கள் உடை விற்கும் சின்ன பொட்டிக். செல்வி என்ற பெண் தனியாக நடத்துகிறார். எல்லாம் மெத்தென்ற பருத்தி, கண்ணை உறுத்தாத நிறங்கள், ஒவ்வொரு குர்தியிலும் பை வைத்துத் தைத்திருந்தது. நுழைந்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. நான் பாவாடைத் துணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் உடை மாற்றும் அறையின் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. திரும்பினால் நந்தினி இல்லை.

கதவுக்கு மேலேயே பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி ஒன்று உறுமிக்கொண்டு போனது. உள்ளே என்ன சத்தம் என்றே கேட்கவில்லை. "நந்தினி" என்றேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். அப்புறம் இரண்டு கையாலும் கதவை அறைந்தேன். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கதவு திறந்தது. பாதி மாட்டிய சட்டையோடு அவள். "என்னம்மா? ஜிப்பு சிக்கிக்கிச்சு. அதுக்குப் போயி..."

என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். செல்வி வந்தார். "உள்ள வந்து பாக்கறீங்களா?" என்று மட்டும் கேட்டார். நான்கு பக்கமும் கூரை வரை எழுப்பிய செங்கல் சுவர். கண்ணாடியை ஆணியிலிருந்து கழற்றிப் பின்னால் இருந்த வெற்றுச் சுவரைக் காட்டினார். "தெனமும் காத்தால இப்பிடிக் கழட்டிப் பாத்துட்டுத்தானுங்க கடையத் தொறக்கறேன். எனக்கும் பயந்தானுங்க."

ஒரு குர்தியை எடுத்துக்கொண்டு நான் உள்ளே போனேன், நங்கையா. துணி முகத்தை மூடும் அந்த ஒரு நொடியில் மூச்சே நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடியில் நான் மட்டும்தான் இருந்தேன்.

நந்தினி வெளியே வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றபோது, துணி மடித்துக்கொண்டிருந்த செல்வியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எப்படி வாய் வந்தது என்று தெரியவில்லை. மடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "அப்ப உங்க கூட ஆருங்க இருந்தாங்க?"

"எங்க நங்கையா."

"நல்லவேளைங்க" என்றார்.

பயம் என்னைவிட்டுப் போய்விடவில்லை. இனியும் போகாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதோடு வெட்கம் சேராமல் இத்தனை காலம் இருந்திருக்கிறது. அது நீங்கள் கொடுத்தது. இன்று சாயங்காலம் நந்தினியிடமும் சொல்லப் போகிறேன். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். உங்களிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.